கிளினிக்கில் என்ன நடந்தது? நோயாளி அனுபவத்தை அளப்பது பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் ஒரு பாட்டி. சுகர், பிரஷர் மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புகிறார். படிவத்தோடு நிற்கும் இளம் ஊழியர், “பாட்டி, இங்க வைத்தியம் உங்களுக்குத் திருப்தியா இருக்கா?” என்று கேட்கிறார். “நல்லாத்தான் இருக்கு கண்ணு” என்கிறார் பாட்டி. ஐந்துக்கு ஐந்து என்று டிக் விழுகிறது.

அந்த ஐந்தில் என்ன இருக்கிறது? காலை ஏழரைக்கு வந்தவர் பதினொன்றரைக்குத்தான் டாக்டரைப் பார்த்தார் என்பது இல்லை. போன மாதம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாதம் மஞ்சளாக இருக்கிறது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்பது இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு அவருக்கு இன்னும் தெரியாது என்பதும் இல்லை. பாட்டி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். கேள்விதான் சரியில்லை.

கிளினிக்குக்கு வரும் நோயாளிகளுக்குக் கிடைக்கும் அனுபவத்தை அளப்பது என்றால், முதல் வேலை இந்தக் கேள்வியைச் சரிசெய்வதுதான். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, யார் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது, வந்த எண்ணை என்ன செய்வது என்று ஒவ்வொன்றிலும் ஒரு குழி உண்டு. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பல ஆண்டுகளாக அந்தக் குழிகளில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். அவர்கள் கற்றதை நாம் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

திருப்தியும் அனுபவமும்

திருப்தி என்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் இடையில் நடக்கும் கணக்கு. எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால், கிடைத்தது கொஞ்சமாக இருந்தாலும் திருப்தி வந்துவிடும். உலகின் 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017-ல் வந்தது. வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம், சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். இரண்டு நிமிடத்துக்குப் பழகிய ஒருவரிடம் “டாக்டர் போதுமான நேரம் ஒதுக்கினாரா?” என்று கேட்டால் “ஒதுக்கினாரே” என்றுதான் சொல்வார். சுவீடனில் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டால் ஒருவர் முகம் சுளிக்கலாம்.

அனுபவத்தைக் கேட்பது வேறு மாதிரி. அது என்ன நடந்தது என்று கேட்கிறது. “சொல்ல வந்ததை எல்லாம் டாக்டரிடம் சொல்லி முடிக்க முடிந்ததா?” “மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று யாராவது விளக்கினார்களா?” இதற்கு ஆமாம், ஓரளவு, இல்லை என்று பதில் சொல்லலாம். மனம் நிறைந்ததா என்று யோசிக்க வேண்டியதில்லை. பதில் ‘இல்லை’ என்று வந்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடும். “திருப்தி இல்லை” என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்தக் கிளினிக்கும் எதையும் செய்ய முடியாது.

திருப்தியைத் துரத்துவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மூரில் “ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்” என்று கேட்பவர்களைப் பார்க்காத மருத்துவர் இருக்க முடியாது. சாதாரண சளிக்கு ஊசியும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் சரியானதைத்தான் செய்கிறார், ஆனால் நோயாளி கடுப்போடு போகிறார். இது வெறும் ஊகம் இல்லை. இங்கிலாந்தின் 7,800 குடும்ப மருத்துவ நிலையங்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் குறைவாக எழுதிய நிலையங்களின் திருப்தி மதிப்பெண் சற்றுக் கீழே இருந்தது தெரிந்தது. திருப்தி எண்ணுக்குப் பரிசு என்று அறிவித்தால், மருந்துச் சீட்டு நீளும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூட்டுவலி குறைந்ததா, மாடிப்படி ஏற முடிகிறதா, இரவில் தூக்கம் வருகிறதா என்று நோயாளியிடமே கேட்டு அளப்பது சிகிச்சையின் பலனைப் பற்றியது. அதுவும் தேவைதான். ஆனால் வலி குறைந்த ஒருவரையே அந்தக் கிளினிக்கில் ‘நீ, வா, போ’ என்று விரட்டியிருக்கலாம். அன்போடு கவனித்தும் வலி குறையாமல் போயிருக்கலாம்.

சரி, அனுபவம் நன்றாக இருந்தால் வைத்தியமும் நன்றாக இருக்குமா? அப்போதைய 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பெரும்பாலானவற்றில் நல்ல அனுபவமும் பாதுகாப்பான, பலன் தரும் சிகிச்சையும் சேர்ந்தே இருப்பதாகச் சொல்கிறது. ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறதா, அல்லது ஒழுங்காக நடக்கும் இடத்தில் இரண்டுமே ஒழுங்காக இருக்கிறதா என்பது தனி விவாதம். என்னைக் கேட்டால், அந்தத் தொடர்பு இல்லாமல் போயிருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். ஒரு மனிதரை நாலு மணி நேரம் நிற்க வைத்தது தவறு என்று சொல்ல, அதனால் அவருக்குச் சுகர் ஏறியது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆரம்ப சிகிச்சையில் எதைக் கேட்பது

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருவதற்கு ஓர் ஆரம்பமும் முடிவும் உண்டு. ஐந்து நாள் இருந்தீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டுவிடலாம். ஊர் கிளினிக் அப்படி இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, அப்பாவுக்குக் கால் புண், நமக்குக் காய்ச்சல் என்று ஆண்டுக்கணக்கில் போய்வரும் உறவு அது. ஒரு நாள் வருகையை மட்டும் அளந்தால் அந்த உறவில் பாதி தப்பிவிடும்.

ஆரம்ப சிகிச்சை என்றால் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னவர்களில் முக்கியமானவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட். அவர் சொன்ன நான்கு: உடம்புக்கு எது வந்தாலும் முதலில் போகும் இடமாக அது இருக்க வேண்டும், அதே ஆட்கள் நம்மைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், பெரும்பாலான தேவைகள் அங்கேயே தீர வேண்டும், வெளியே அனுப்பினால் அங்கே நடந்தது இங்கே தெரிந்திருக்க வேண்டும். அவருடைய குழு உருவாக்கிய கேள்வித்தொகுப்பு இந்த நான்கையும் நோயாளியின் வாயாலேயே கேட்கிறது. பல நாடுகள் அதைத் தங்கள் மொழியில் மாற்றிப் பயன்படுத்தியிருக்கின்றன.

நான்காவது விஷயம் கேட்பதற்குச் சின்னதாகத் தோன்றும், நோயாளியை அதிகம் அலைக்கழிப்பது அதுதான். மாவட்ட ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை ஊர் டாக்டர் பார்த்தாரா? அங்கே நிறுத்தச் சொன்ன மாத்திரையை இங்கே மறுபடி கொடுத்தார்களா? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கதையை முதலிலிருந்து சொல்லும் அலுப்பு நமக்குத் தெரிந்ததுதானே. எந்தக் கிளினிக்கின் பதிவேட்டிலும் இது இருக்காது. இதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி நோயாளி.

அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய ஓர் அரசுத் திட்டம் இந்தக் கேள்விகளின் வடிவத்தை வெகுவாகச் செதுக்கியது. வெளிநோயாளிகளுக்கான அதன் படிவம், கடந்த 6 மாதங்களில் இந்த டாக்டர் உங்களுக்குப் புரியும்படி எத்தனை முறை விளக்கினார் என்று கேட்கிறது. பதில்கள் நான்கு: ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும். கவனமாகக் கேட்டாரா, நீங்கள் சொன்னதற்கு மதிப்புக் கொடுத்தாரா என்பவையும் இதே வடிவில்தான். டாக்டருக்கு மார்க் போடச் சொல்லும் கேள்வியும் அதில் இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று. 6 மாதம் என்ற கால அளவிலும் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. காலத்தை நீட்டினால் உறவு தெரியும், ஆனால் நினைவு மங்கும். இன்றைய வருகையை மட்டும் கேட்டால் நினைவு பளிச்சென்று இருக்கும், உறவு தெரியாது.

இங்கிலாந்தின் பெரிய சர்வே

இந்த வேலையை நாடு முழுவதும் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க இங்கிலாந்துதான் நல்ல உதாரணம். அங்கே அநேகமாக எல்லோரும் ஒரு குடும்ப மருத்துவ நிலையத்தில் பெயர் பதிந்திருப்பார்கள். அதனால் யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு முழுப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. 2007-லிருந்து அரசு சார்பில் இந்தச் சர்வே நடக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வீட்டுக்கே தபால் அனுப்புகிறார்கள். 2024-ல் சுமார் 25 லட்சம் பேருக்கு அனுப்பினார்கள், கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் பதில் கொடுத்தார்கள். நூற்றுக்கு 27 பேர். மொத்த அனுபவம் நல்லது என்று சொன்னவர்கள் அதில் சுமார் 74 சதவீதம்.

சுவையான விஷயம் அந்த 74-ல் இல்லை, தனித்தனிக் கேள்விகளில் இருக்கிறது. போனில் கிளினிக்கைப் பிடிப்பது சுலபமாக இருந்ததா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் பத்தில் எட்டுப் பேர் சுலபம் என்றார்கள். 2023-ல் பத்தில் ஐந்து பேர்தான் அப்படிச் சொன்னார்கள். காலை 8 மணிக்கு லைன் திறந்ததும் ஊரே ஒரே நேரத்தில் போன் அடிக்கிறது, வரிசையில் காத்திருந்து லைன் கிடைக்கும்போது அன்றைய நேரமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. ‘காலை 8 மணி முண்டியடிப்பு’ என்பது அங்கே தினசரி அரசியல் பேச்சாகிவிட்டது. 2023 மே மாதம் இங்கிலாந்து அரசு வெளியிட்ட திட்டத்தில் பழைய போன் இணைப்புகளை மாற்றவும் அதற்கான கருவிகளுக்கும் 24 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. ‘திருப்தி குறைந்துவிட்டது’ என்ற எண் மட்டும் இருந்திருந்தால் காசை எங்கே போடுவது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இந்தச் சர்வேயும் குறையில்லாதது அல்ல. நீங்கள் சொன்னதை டாக்டர் எவ்வளவு நன்றாகக் கேட்டார், மிக நன்றாகவா, மிக மோசமாகவா என்று மார்க் போடச் சொல்லும் கேள்விகள் அதில் பல உண்டு. நடந்ததைக் கேட்பதும் மார்க் போடச் சொல்வதும் கலந்த படிவம் அது.

யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள்

வாசலில் நின்று கேட்பது சுலபம், செலவு குறைவு. ஆனால் அடுத்த மாதமும் மாத்திரைக்கு அதே ஜன்னலுக்கு வந்தாக வேண்டிய மனிதர், அந்த இடத்து ஊழியரிடமே குறை சொல்வாரா? மடகாஸ்கரில் ஒரே சுகாதார நிலையங்களைப் பற்றி வாசலில் கேட்ட பதில்களையும் வீட்டில் கேட்ட பதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊழியரின் நடத்தை போன்ற மனம் சார்ந்த கேள்விகளுக்கு வாசலில் மதிப்பெண் கூடியது. வீட்டுக்குப் போய்க் கேட்டால் வேறு கதை. நடந்ததை நேராகக் கேட்ட கேள்விகளில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. நல்ல கேள்வி, கேட்கும் இடத்தின் கோளாறையும் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது.

நைஜீரியாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியிடம், ‘ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்’ என்பது போன்ற நல்ல வாக்கியங்களைச் சொல்லி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். மறுபாதியிடம் அதே விஷயத்தை எதிர்மறையாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டார்கள். ஒரே இடம், ஒரே சேவை. நியாயமாக முதல் பாதியில் எத்தனை பேர் ‘ஆமாம்’ என்கிறார்களோ அதே அளவு பேர் இரண்டாவது பாதியில் ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எதிர்மறையாகக் கேட்டபோது திருப்தி அளவு இறங்கியது. எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடும் பழக்கம், மார்க்கைத் தானாக ஏற்றிவிடுகிறது. ‘சேவை சிறப்பாக உள்ளது: ஒத்துக்கொள்கிறேன் / ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற படிவங்களைப் பார்த்தால் இனி கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

போன் வழியாகக் கேட்டால் இந்தக் கூச்சம் குறையும். இந்திய அரசு 2016-ல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டம் எஸ்.எம்.எஸ்., தானியங்கி போன் அழைப்பு, செயலி, இணையதளம் வழியாகக் கருத்துக் கேட்கிறது. நல்ல யோசனை. ஆனால் ஓ.பி. சீட்டில் பாட்டி கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருந்தால், அந்த எஸ்.எம்.எஸ். அங்கேதான் போகும். கிளினிக்கின் வாசலைக்கூட மிதிக்காதவர் பதில் போடுவார், அல்லது அழித்துவிடுவார்.

வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் கேட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லா அரிசியும் ஒரே தீயில் வெந்ததால்தான் சரி. கிளினிக்குக்கு வருபவர்கள் ஒரே தீயில் வெந்தவர்கள் இல்லை. காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய்ப் பக்கத்து மருந்துக் கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டு போனவர் உங்கள் வரிசையில் இருக்க மாட்டார். கூலி போய்விடும் என்று வராமலே இருந்தவரும் இருக்க மாட்டார். இங்கிலாந்திலும் இதே கதைதான்: முதியவர்கள் நிறையப் பதில் அனுப்புகிறார்கள், இளைஞர்கள் குறைவு. குறைவாக வந்தவர்களின் பதிலுக்கு எடை கூட்டிக் கணக்கை நேர்செய்கிறார்கள். அது ஓரளவுக்குத்தான் உதவும். பதில் அனுப்பிய இளைஞரும் அனுப்பாத இளைஞரும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது.

எத்தனை பேர் வேண்டும்

முப்பது பேரிடம் கேட்டு 74 சதவீதம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால், உண்மையான எண் 58-க்கும் 90-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நூறு பேரிடம் கேட்டால் 65-லிருந்து 83 வரை. நானூறு பேர் என்றால் 70-லிருந்து 78 வரை. ஆளை நான்கு மடங்கு ஆக்கினால்தான் நிச்சயமின்மை பாதியாகிறது. இங்கிலாந்தில் 7 லட்சம் பதில் வந்தாலும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு நூற்றுச் சொச்சம்தான். அதை வைத்து இந்த நிலையம் 231-வது இடம், அந்த நிலையம் 240-வது இடம் என்று பத்திரிகையில் பட்டியல் போடுவது வேடிக்கைதான். மேலே சிலரும் கீழே சிலரும் நிஜமாகவே வேறுபட்டவர்கள். நடுவில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களைத் தரவரிசைப்படுத்துவதில் அர்த்தமில்லை.

ஒப்பிடும்போது இன்னொன்று. பொதுவாக வயதானவர்கள் கொஞ்சம் தாராளமாக மார்க் போடுகிறார்கள், இளைஞர்கள் கறாராகப் போடுகிறார்கள். காலேஜ் ஊரில் இருக்கும் கிளினிக்கையும் ஓய்வு பெற்றவர்கள் வாழும் கடற்கரை ஊர் கிளினிக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் முன்னதுக்கு அநியாயம். அதனால் வயது, படிப்பு, உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்ப மதிப்பெண்ணை நேர்செய்வார்கள்.

இனத்துக்கும் அப்படி நேர்செய்யலாமா? இங்கேதான் விஷயம் சூடாகிறது. இங்கிலாந்து சர்வேயில் தெற்காசிய வம்சாவளியினர், டாக்டர்கள் தங்களோடு பேசும் விதத்துக்கு ஆண்டுதோறும் குறைவான மார்க் போடுகிறார்கள். ‘அவர்கள் எதிர்பார்ப்பு அதிகம், மார்க் போடும் பழக்கமே அப்படி’ என்று ஒரு விளக்கம் சுலபமாகக் கிடைத்தது. அதை உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள். நடிகர்களை வைத்து டாக்டர், நோயாளி உரையாடல்களைப் படம்பிடித்து, வெள்ளை பிரிட்டிஷார் பாதி, பாகிஸ்தான் வம்சாவளியினர் பாதி என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி மார்க் போடச் சொன்னார்கள். அதே வீடியோவுக்குப் பாகிஸ்தான் வம்சாவளியினர் அதிகமாக மார்க் போட்டார்கள்! அப்படியானால் நிஜ கிளினிக்கில் அவர்கள் குறைவாகப் போடுவதற்குப் பழக்கம் காரணமில்லை, அவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்புதான் மோசமாக இருக்கிறது என்று ஆகிறது. 2016-ல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, ‘அந்த ஊர்க்காரர்கள் எப்போதும் குறை சொல்வார்கள்’ என்று யாராவது சொன்னால் என் காது நிமிர்ந்துவிடும். இனத்துக்காக மதிப்பெண்ணை நேர்செய்திருந்தால் அந்த மோசமான கவனிப்பு கணக்கிலிருந்தே காணாமல் போயிருக்கும்.

அதே ஆராய்ச்சிக் குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். நிஜமான கிளினிக் சந்திப்புகளை அனுமதி பெற்று வீடியோ எடுத்தார்கள். நோயாளி மார்க் போட்டார், பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களும் தனியாகப் போட்டார்கள். மதிப்பீட்டாளர் நன்று என்றதை நோயாளியும் நன்று என்றார். மோசம் என்று மதிப்பீட்டாளர் சொன்னதில்தான் பிரிந்தது: பல நோயாளிகள் அதற்கும் நல்ல மார்க் போட்டிருந்தார்கள். சிலரை உட்காரவைத்து அவர்களுடைய வீடியோவையே போட்டுக் காட்டிப் பேசியபோது, இங்கே என் பேச்சைக் கேட்கவில்லை, அங்கே கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று குறை வந்தது. படிவத்தில் மட்டும் ‘நன்று’ என்று இருந்தது. டாக்டரோடு உறவு கெட்டுவிடக் கூடாது, பாவம் அவருக்கும் வேலை அதிகம், முன்பு ஒருமுறை நன்றாகப் பார்த்தார் என்று காரணங்கள். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நன்று என்றால் அதைப் பாராட்டு விழாவுக்கான காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மீதிப் பத்துப் பேர் அவ்வளவு தயக்கத்தையும் தாண்டி ஏதோ சொல்ல வந்திருக்கிறார்கள், அங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

எண் இலக்காக மாறும்போது

2000-ல் பிரிட்டிஷ் அரசு, யாராக இருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல நோக்கம்தான். கிளினிக்குகள் என்ன செய்தன? இரண்டு நாளுக்கு மேற்பட்ட முன்பதிவையே பல இடங்களில் நிறுத்திவிட்டன. முன்பதிவே இல்லையென்றால் தாமதம் எங்கிருந்து வரும்? 2005 தேர்தல் நேரத்தில் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பெண், ஒரு வாரம் கழித்து மகனைக் கூட்டிவரச் சொன்ன டாக்டரிடம் அந்த வாரத்துக்கான நேரத்தைப் பதிய முடியவில்லை என்று பிரதமர் டோனி பிளேரிடம் நேரிலேயே சொன்னார். பிளேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது, அவர் திகைத்தது திரையிலேயே தெரிந்தது. இலக்கின் எண் ஏறிக்கொண்டே போனது, நோயாளியின் அனுபவம் இறங்கியது.

பிறகு சர்வேயில் நோயாளிகள் சொல்லும் பதிலோடு கிளினிக்கின் வருமானத்தைக் கட்டிப் பார்த்தார்கள். சில டஜன் பேரின் பதில் மாறினால் சம்பளம் குறையும் என்றதும் மருத்துவர்கள் சண்டைக்கு வந்தார்கள், சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 2014 டிசம்பரில் குடும்ப மருத்துவ நிலையங்களுக்கு இன்னொரு கேள்வி வந்தது: உங்கள் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் இந்த நிலையத்தைப் பரிந்துரைப்பீர்களா? கம்பெனிகள் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வியிலிருந்து பிறந்தது இது. சோப்புக்குச் சரி. ஊரில் ஒரே ஒரு கிளினிக் இருக்கும்போது அதைப் பரிந்துரைப்பதற்கு என்ன அர்த்தம்? 2020-ல் கேள்வியையே மாற்றிவிட்டார்கள்.

நம் கிளினிக்கில் செய்வதென்றால்

பெரிய சர்வே எல்லாம் வேண்டாம், ஒரு ஆரம்ப சுகாதார நிலையமோ தெருமுனைக் கிளினிக்கோ தன் அளவில் செய்ய நினைத்தால் ஐந்து கேள்வி போதும். வந்ததிலிருந்து டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆனது? சொல்ல வந்ததை எல்லாம் சொல்லி முடிக்க முடிந்ததா? எந்த மாத்திரை எதற்கு, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொன்னார்களா? கடைசியாக எடுத்த பரிசோதனையின் முடிவைச் சொன்னார்களா? தொந்தரவு திரும்ப வந்தால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் ‘எனக்குப் பொருந்தாது’ என்ற பதிலும் வேண்டும். பரிசோதனையே எடுக்காதவர் ‘ஆமாம்’ என்று தட்டிவிட்டுப் போவதை அது தடுக்கும்.

அச்சடிப்பதற்கு முன் ஏழெட்டுப் பேரிடம் கேள்வியைப் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். ‘மரியாதையாக நடத்தினார்களா’ என்பதை ஒருவர் நாற்காலி கொடுத்தார்களா என்று புரிந்துகொள்வார், இன்னொருவர் சத்தம் போட்டார்களா என்று. அப்படி வந்தால் கேள்வியை இரண்டாக உடையுங்கள். கேட்பவர் அந்தக் கிளினிக்கின் ஊழியராக இல்லாமல், சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராகவோ கல்லூரி மாணவராகவோ இருந்தால் நல்லது. கேட்கும் இடம் மருந்து ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், பஸ் நிறுத்தம் பரவாயில்லை. தமிழ்நாட்டில் 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பலருக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்களை வாசலில் பிடிக்க முடியாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

படிவத்தின் கடைசியில் இரண்டு வரி காலியாக விடுங்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ‘மாத்திரை வாங்குற ஜன்னல்ல ஒரு மணி நேரம் நிக்கணும், உக்கார பெஞ்சு இல்ல’ என்று ஒருவர் சொன்னதை ‘காத்திருப்பு நேரம் அதிகம்’ என்று சுருக்கினால் பெஞ்சு காணாமல் போய்விடும். வந்த முடிவை ஊழியர்களோடு உட்கார்ந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போக வேண்டாம், ‘இல்லை’ அதிகம் வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவு சொல்லப்படுவதில்லை என்றால், எந்த நாளில், யார், எப்படிச் சொல்வது என்று முடிவு செய்து, அதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை, அதே இடத்தில், அதே அளவு ஆட்களிடம் திரும்பக் கேட்க வேண்டும். நடுவில் கேள்வியின் வார்த்தையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2024-ல் படிவத்தைத் திருத்தினார்கள், அந்த ஆண்டு முடிவை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடக் கூடாது என்று அவர்களே அறிவிக்க வேண்டி வந்தது.